நாற்பதுக்கு மேல் விறைப்புக் குறைவது ஏன்? மாத்திரை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அந்த மாத்திரையைப் போட்டவர் விடுதி அறையில் இறந்து கிடந்தார்" என்ற செய்தி அவ்வப்போது எங்கிருந்தாவது வரும். வந்த கையோடு வாட்ஸ்அப்பில் இரண்டு விதப் பேச்சு கிளம்பும். வயாக்ரா போன்ற அந்த விறைப்பு மாத்திரையே இதயத்தை நிறுத்திவிடும் என்பது ஒன்று. மூலிகை என்றால் பயமில்லை, பக்கவிளைவே கிடையாது என்பது இன்னொன்று. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் "ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல்" என்று ஒரே மூச்சில் அடுக்கும் நோட்டீஸ்கள் பிழைப்பது இந்த இரண்டாவது பேச்சால்தான்.

இரண்டும் தவறு. நடுவயதில் விறைப்புக் குறைவது பெரும்பாலும் ரத்தக்குழாய் கெடத் தொடங்கியதன் அறிகுறி. உறுப்பை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது. உடலுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால், மாத்திரை யாருக்கு உதவும், யாருக்கு ஆபத்து, போஸ்டர் வைத்தியத்தில் எங்கே ஓட்டை என்பதெல்லாம் வரிசையாக விளங்கும்.

எது இந்தக் குறைபாடு?

உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வராமல் போவது, அல்லது வந்து பாதியிலேயே தளர்ந்துவிடுவது, இது மூன்று மாதத்துக்கு மேலாகத் தொடர்வது. இதைத்தான் மருத்துவர்கள் விறைப்புக் குறைபாடு என்கிறார்கள். கல்யாண வீட்டு அலைச்சல், இரண்டு நாள் தூக்கமின்மை, நன்றாகக் குடித்த ஓர் இரவு, இவற்றுக்குப் பிறகு ஒருமுறை தவறினால் அது நோய் ஆகாது.

நோட்டீஸ்கள் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் நான்கு விஷயங்களை முதலில் பிரித்துவைக்க வேண்டும்.

1. விறைப்புக் குறைபாடு: ஆசை இருக்கும், உறுப்பு ஒத்துழைக்காது.
2. ஆசைக் குறைவு: நாட்டமே எழாது. ஹார்மோன், மனச்சோர்வு, தம்பதிக்குள் உள்ள கசப்பு எனக் காரணங்கள் வேறு.
3. விந்து சீக்கிரம் வெளியேறுவது: விறைப்பில் குறை இருக்காது. சிகிச்சையும் தனி.
4. குழந்தையின்மை: விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் சார்ந்தது. இரண்டு பிள்ளை பெற்றவருக்கு விறைப்புக் குறைபாடு வரலாம். விறைப்பு நன்றாக இருப்பவருக்கு விந்தணு இல்லாமலும் இருக்கலாம்.

இது எவ்வளவு பரவலானது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தி, 1994இல் வெளியிட்ட ஆய்வில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. முற்றிலும் இயலாத நிலை 40 வயதில் 5 சதவீதம், 70 வயதில் 15 சதவீதம். அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் "எனக்கு மட்டும்தான்" என்று தலை குனிந்து திரியக் காரணமில்லை என்பதற்கு இது போதும்.

விறைப்பு நடக்கும் விதம்

1. பார்வை, தொடுதல், நினைப்பு, ஏதோ ஒன்று மூளையைத் தூண்டுகிறது. அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக இடுப்புக்குழி நரம்புகளுக்கு இறங்குகிறது.
2. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை மிகச் சிறிய அளவில் வெளிவிடுகின்றன.
3. அந்த வாயு தசைச் செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக்குகிறது. அது கூடக் கூட, ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்கிறது, குழாய் விரிகிறது.
4. ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு உருளைகள் உண்டு. உள்ளே நுண்ணிய அறைகள். விரிந்த குழாய்கள் வழியாக ரத்தம் பாய்ந்து அந்த அறைகள் நிறைகின்றன.
5. நிறைந்த உருளை, தன்னைச் சுற்றியுள்ள கெட்டியான உறையோடு அழுந்துகிறது. திரும்பிப் போகும் சிரைகள் அங்கே நசுங்குவதால் ரத்தம் வெளியேற முடியாமல் தங்குகிறது.
6. கடைசியில் பிடிஇ-5 என்ற என்சைம் சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கிறது. தசை மறுபடி இறுகி, ரத்தம் வடிந்து, உறுப்பு தளர்கிறது.

நைட்ரிக் ஆக்சைடு உடலுக்குள் இப்படிச் செய்தி சொல்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆறு படிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று: தசை தளர்ந்தால்தான் உறுப்பு விறைக்கும். பயமும் பதற்றமும் வந்தால் உடலில் அட்ரினலின் ஏறும். அது தசையை இறுக்கும். "இன்றைக்கும் தவறிவிடுமோ" என்ற நினைப்பு ஒன்றே மூன்றாவது படியைக் கெடுத்துவிடப் போதும். உடல் காரணமா மனக் காரணமா என்று கறாராகப் பிரிக்க முடியாமல் போவதும் இதனால்தான். முதலில் ரத்தக்குழாயில் தொடங்கியது நாலைந்து தோல்விக்குப் பிறகு மனதையும் பிடித்துக்கொள்ளும்.

நாற்பதில் தொடங்குவது ஏன்?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் விட்டம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆணுறுப்புக்குப் போகும் தமனியோ 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். கொழுப்புப் படிவதும் உட்சுவர் கெடுவதும் உடல் முழுக்க ஒரே காலத்தில் நடக்கும் காரியம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது பாசி பிடித்தால் முதலில் அடைபடுவது கடைசியில் உள்ள அரை இஞ்சுக் குழாய்தான், மோட்டாரை ஒட்டிய இரண்டு இஞ்சுக் குழாய் இல்லை. அதுபோல உறுப்பில் குறை முதலில் தெரிகிறது. நெஞ்சில் வலி பிறகு வருகிறது. இடைவெளி பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்று இதய மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் மேலே உள்ளதைப் படியுங்கள். 45 வயதில் விறைப்புக் குறைந்து, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை வாங்கிச் சமாளித்துக்கொள்கிறவர், இதயத்தைக் கவனிக்கக் கிடைத்த சில வருடங்களைத் தெரியாமலே செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது சர்க்கரை. இது ரத்தக்குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். மேலே சொன்ன இரண்டாவது படியில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை உண்டு. மற்றவர்களைவிடப் பத்து, பதினைந்து ஆண்டு முன்பே வந்துவிடுகிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவருவதே இந்தக் குறைக்காக ரத்தம் பார்க்கும்போதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கும் கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்து, இன்றும் சாப்பாட்டில் பாதி அந்தப் பக்கமாகவே இருக்கும் குமரி மாவட்டம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை மரச்சீனியையும் பரோட்டாவையும் பார்த்து அவரவர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் நாளில் நடப்பதைக் கவனியுங்கள். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். "கால் மரத்துப் போகுதா? கண்ணு பரிசோதனை எடுத்தாச்சா?" என்று நர்ஸ் கேட்பார். அதோடு அடுத்த ஆள். பின்னால் வரிசையில் நிற்பது பக்கத்து வீட்டுக்காரர். கேட்கும் நர்ஸ் தங்கையோடு படித்தவராக இருப்பார். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, கொண்டுவருவதும் அதே ஊர்ப் பெண்தான். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அவரிடம் இதை எப்படிச் சொல்வார்? கண்ணுக்கும் காலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேள்வி வைத்திருக்கும் திட்டத்தில் இதற்கு மட்டும் கேள்வி இல்லை. தனியாக, தாழ்ந்த குரலில், ஆண் பணியாளர் ஒருவர் கேட்டால் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். உயர் ரத்த அழுத்தம். கெட்ட கொழுப்பு. பீடி, சிகரெட், புகையிலை. நாள்தோறும் குடிப்பது. தொந்தி: வயிற்றுக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. பலமாகக் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. தைராய்டு கோளாறு. சிறுநீரகச் செயலிழப்பு. புராஸ்டேட், மலக்குடல் அறுவை சிகிச்சையில் நரம்பு அறுபடுவது. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து தண்டுவடத்தில் அடிபடுவதும், பைக் விபத்தில் இடுப்பெலும்பு உடைவதும் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. அவர்களிடம் நடமாட்டத்தைக் கேட்கிறோம், சிறுநீரைக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

சாப்பிடும் மருந்தே காரணமாக இருந்தால்?

பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள், நீர் பிரியக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், மனநோய் மருந்துகள், வழுக்கைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் ஃபினாஸ்டெரைடு ஆகியவை விறைப்பைப் பாதிக்கலாம். இதைக் கேட்டவுடன் பிரஷர் மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவைக்கும் வேலை அது. மாற்று மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

இதில் மனதின் பங்கும் உண்டு. இதய நோயுள்ள 96 ஆண்களுக்கு அட்டெனலால் கொடுத்து இத்தாலியில் நடத்திய ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. என்ன மருந்து என்றே சொல்லப்படாதவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புக் குறைந்தது. மருந்தின் பெயரை மட்டும் சொன்ன குழுவில் அது 16 சதவீதத்தை நெருங்கியது. "இது விறைப்பைக் குறைக்கலாம்" என்றும் சேர்த்துச் சொன்ன குழுவில் 31 சதவீதம். மூன்று குழுவுக்கும் மாத்திரை ஒன்றுதான். (இந்தப் பத்தியைப் படித்தபிறகு உங்கள் மாத்திரை மேல் புதிதாகச் சந்தேகம் வந்தால், ஆய்வு சொல்வது அதைத்தான்.)

மனக் காரணம் என்று எப்படித் தெரியும்?

சில அடையாளங்கள் உண்டு.

1. உடல் காரணம் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வரும். மனக் காரணம் பெரும்பாலும் திடீரென்று, ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு வரும்.
2. அதிகாலை எழும்போது விறைப்பு வழக்கம்போல் இருந்தால் குழாயும் நரம்பும் பெரிதும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். அதுவும் நின்றுவிட்டிருந்தால் உடல் காரணத்தைத் தேட வேண்டும்.
3. தனியாக இருக்கும்போது வருகிறது, மனைவியோடு வருவதில்லை என்றால் சிக்கல் குழாயில் இருக்க வாய்ப்புக் குறைவு.

வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவரையும், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துக் கரை திரும்புகிறவரையும் நினைத்துப் பாருங்கள். நாட்கள் எண்ணிக்கையில் இருக்கின்றன. வீடு நிறைய ஆட்கள், வயதுக்கு வந்த பிள்ளைகள் அடுத்த அறையில். முதல் நாள் தவறுகிறது. இரண்டாம் நாள் பயத்தோடு தொடங்குகிறது. மூன்றாம் நாள் அவர் டிவி முன்னாலேயே தூங்கிவிடுகிறார். மனைவி வேறு கணக்குப் போடுகிறார்: அங்கே யாரோ இருக்கிறாளோ, இல்லை நம்மைப் பிடிக்காமல் போய்விட்டதோ. இருவரும் வாய் திறப்பதற்குள் லீவு முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு மாத்திரையைவிட மனநல ஆலோசனையும், மனைவியையும் உட்காரவைத்து ஒருமுறை பேசுவதும் அதிகம் உதவும். அதே வயதில் மனைவிக்கு மாதவிடாய் நின்றிருக்கலாம், வறட்சியால் வலியும் இருக்கலாம். அவருக்கும் சிகிச்சை தேவை என்பதை யாரும் நினைப்பதில்லை.

இளமையில் சுயஇன்பம் செய்ததால் இப்போது நரம்பு தளர்ந்துவிட்டது என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குற்ற உணர்வே ஒருவருடைய விறைப்பைக் கெடுக்கும்.

என்ன பரிசோதனை தேவை?

பெரிய ஸ்கேன் எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி (6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்), கொழுப்பு, தைராய்டு, இசிஜி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானைக் காலையில்தான் பார்க்க வேண்டும், அந்த ஹார்மோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உறுப்பின் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. விபத்துக்குப் பிறகும், இள வயதிலும், அறுவை சிகிச்சையை யோசிக்கும்போதும் எடுப்பார்கள். மருத்துவர் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தரலாம். மொத்த மதிப்பெண் 25. 22 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைபாடு இல்லை, 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையானது.

சிகிச்சை எங்கிருந்து தொடங்குகிறது?

உடல் எடையிலிருந்தும் நடையிலிருந்தும். இதைக் கேட்டதும் முகம் சுருங்குவது இயல்புதான். ஆனால் 110 பருமனான ஆண்களை வைத்து நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி உடற்பயிற்சி செய்த குழுவில் 31 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. வெறும் அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 5 சதவீதம். வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில் நடை, குறைந்தது ஆறு மாதம். விளையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் காலையிலேயே இதைவிட அதிகம் நடந்துவிடுகிறார்கள். கல்லாவிலும் ஆபீசிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசையை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியும் பலருக்குப் பலன் தருகிறது. செலவே இல்லாத சிகிச்சை, ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். புகையை நிறுத்துவதைப் பற்றி இனி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாத்திரை: வேலை செய்யும் விதமும் தவறாகப் பயன்படும் விதமும்

சில்டெனாஃபில் என்ற மருந்தை நெஞ்சுவலிக்காகத்தான் உருவாக்கினார்கள். சோதனையில் நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை, ஆனால் பங்கேற்ற ஆண்கள் விறைப்பு அதிகமானதைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் வயாக்ரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003இல் தடலாஃபில் வந்தது. இரண்டும் ஆறாவது படியில் வரும் பிடிஇ-5 என்சைமைத் தடுக்கின்றன. சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் நிற்பதால் விறைப்பு நிலைக்கிறது. முதல் படி நடந்தால்தான் ஆறாவதற்கு வேலை. எனவே தூண்டல் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது, ஆசையையும் கூட்டாது.

1998இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் சில்டெனாஃபில் எடுத்தவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 22 சதவீதம். சர்க்கரை நோயாளிகளிடம் தனியாகப் பார்த்தபோது 56 சதவீதம் பேருக்குத்தான் முன்னேற்றம். "எனக்கு மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் எடுத்த விதத்தில் தவறு இருக்கிறது.

1. பரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் சாப்பிட்ட கையோடு சில்டெனாஃபில் போட்டால் கொழுப்பு அதை மெதுவாக்கும். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். தடலாஃபிலுக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை, 36 மணி நேரம் வரை பலன் இருக்கும்.
2. கூடவே குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், விறைப்பும் கெடும்.
3. ஒருமுறை போட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆறேழு தடவையாவது, மருத்துவர் சொன்ன அளவில் பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும்.
4. நண்பர் போடும் அளவை நாமும் போடுவது. சிறுநீரகம், கல்லீரல், மற்ற மாத்திரைகள் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தலைவலி, முகம் சிவந்து சூடாவது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை சாதாரணப் பக்கவிளைவுகள். தடலாஃபிலில் முதுகுவலி வரலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டாலோ, திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு மணி நேரக் கணக்கை வேடிக்கையாகச் சொல்வார்கள். தாமதித்தால் உள்ளே உள்ள திசு செத்து, பிறகு ஒருபோதும் விறைக்காமல் போகும்.

அப்படியானால் அந்த மரணச் செய்திகள்?

இதய நோய்க்கு நைட்ரேட் எடுக்காதவர்களிடம் இந்த மாத்திரைகள் மாரடைப்பைக் கூட்டியதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆபத்து வருவது நைட்ரேட்டோடு சேரும்போது. நைட்ரேட் என்றால் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், அதே குடும்பத்தில் தினமும் விழுங்கும் மாத்திரைகள், நைட்ரோகிளிசரின் ஸ்பிரே. நைட்ரேட் இரண்டாம் படியில் நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது, சில்டெனாஃபில் ஆறாம் படியை அடைத்துவைக்கிறது. உடல் முழுக்க உள்ள குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து ரத்த அழுத்தம் தரைமட்டமாகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாது.

இது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரர், யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டிருக்கிறார். நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் அப்பாவின் மருந்துப் பெட்டியில் சார்பிட்ரேட் இருக்கிறது. பதறிப்போன மனைவி ஒன்றை எடுத்து நாக்குக்கடியில் வைக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், தடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. 108 ஆம்புலன்ஸில் ஏறியதும் முதலில் சொல்ல வேண்டியது இந்த மாத்திரை எடுத்த விஷயத்தை. வெட்கப்பட வேண்டிய இடம் அதுவல்ல.

மாரடைப்பு வந்து தேறியவர்கள் உடலுறவை என்றென்றைக்கும் விட வேண்டியதில்லை. இரண்டு மாடிப் படியை நெஞ்சுவலியோ அதிக மூச்சிரைப்போ இல்லாமல் விறுவிறுவென்று ஏற முடிந்தால் பெரும்பாலும் இதயம் தாங்கும். எப்போது தொடங்கலாம் என்பதை இதய மருத்துவர் சொல்வார்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு

வெற்றிடக் குழாய்க் கருவி: உறுப்பின் மேல் பொருத்திக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில் வளையம் போட்டு நிறுத்துவது. வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உறுப்பிலேயே மிக மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தும் முறை 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கேட்கவே கூசினாலும், முறையாகக் கற்றுக்கொண்டவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். எதுவும் பலிக்காதபோது செயற்கை உள்வைப்பு. காற்றடைத்தது போல் நீரால் நிரம்பும் வகை 1973இலிருந்து உண்டு, விலை அதிகம். வளைத்து வைத்துக்கொள்ளும் எளிய வகை இந்தியாவிலேயே தயாராகிறது. இதை ஒருமுறை வைத்துவிட்டால் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதால் கடைசிப் படி.

டெஸ்டோஸ்டிரான் ஊசி, உண்மையிலேயே அந்த ஹார்மோன் குறைந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பலன் இல்லை, விந்தணு உற்பத்தியையும் நிறுத்திவிடும். அதிர்வலை சிகிச்சை, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த பிளேட்லெட் ஊசி ஆகியவை பெருநகர கிளினிக்குகளில் பேக்கேஜாக விற்கப்படுகின்றன. இரண்டும் இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை, பணத்தைக் கொட்ட அவசரம் வேண்டாம்.

லாட்ஜ் வைத்தியம்

சித்த, ஆயுர்வேத மரபைக் குறை சொல்வது நோக்கமில்லை. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிற, தலைமுறை தலைமுறையாக வர்ம ஆசான்கள் எலும்பு கட்டி வந்த மாவட்டம் இது. பதிவுபெற்ற மருத்துவர் நாடி பார்த்து, சர்க்கரையும் பார்க்கச் சொல்லி மருந்து தருவது ஒரு விஷயம். மாதம் ஒருநாள் லாட்ஜில் அறையெடுத்து, பெயர் ஒட்டாத டப்பாவில் லேகியம் கொடுத்து, அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விடுவது வேறு விஷயம். நெருஞ்சில், பூனைக்காலி, அமுக்கரா ஆகியவற்றில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நெருஞ்சிலில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. மற்றவற்றிலும் உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

இந்த வியாபாரத்தில் உள்ள பெரிய ஆபத்து வேறு. மூலிகை என்று விற்கப்படும் தூள்களிலும் காப்ஸ்யூல்களிலும் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பதை உலகின் பல நாடுகளிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. "போட்ட அன்றே பலன்" தரும் மூலிகை என்றால் முதலில் அந்தச் சந்தேகம் வர வேண்டும். இதய நோயாளி நைட்ரேட்டோடு இதை எடுத்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். டப்பாவில் பெயரே இல்லாததால் அவசர சிகிச்சை மருத்துவருக்கும் எதுவும் தெரியாது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸே சட்டவிரோதம். கிழிக்கத்தான் ஆளில்லை.

எங்கே போவது, என்ன சொல்வது?

நேராகப் பெரிய நிபுணரைத் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே சர்க்கரைக்கோ பிரஷருக்கோ பார்க்கும் மருத்துவரே முதல் ஆள். ஊர்க்காரர் கண்ணில் படக் கூசுகிறவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. மனநலப் பிரிவும் அதே வளாகத்தில் உண்டு. விபத்து, அறுவை சிகிச்சை, உறுப்பு வளைவு ஆகியவை இருந்தால், அல்லது மாத்திரை பலிக்காவிட்டால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர். மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான்.

எடுக்கிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள், ரகசியமாக வாங்கியது உட்பட. டாக்டர் அறையில் நர்ஸோ மாணவர்களோ நின்றால் வாய் வராது என்பது உண்மை. அப்போது துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாலும் போதும்: "சுகருக்கு மாத்திரை எடுக்கேன். ஆறு மாசமா விறைப்பு சரியா இல்ல. காலையிலயும் இல்ல. நெஞ்சுவலி மாத்திரை எதுவும் எடுக்கல்ல." மருத்துவர் அடுத்து என்ன கேட்க வேண்டும், எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்பதற்கு இந்த நாலு வரியே அவருக்குப் போதும்.